காத்துச் சட்டியும் பத்துத் துண்டுக் கோழியும்

உங்கள் ஊரில் காற்றை நிறுத்த வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள்? ஜன்னலைச் சாத்துவீர்கள், ஃபேனை அணைப்பீர்கள், அவ்வளவுதானே. எங்கள் பாறைவிளையில் கோழியின் நெஞ்சுக்கறியை விரல் நீளத்துக்கு நறுக்கி, தயிரும் இஞ்சி பூண்டும் மிளகாய்த்தூளும் உப்பும் போட்டு ஊறவைத்து, மைதாவில் புரட்டி, அடித்த முட்டையில் முக்கி, ஒரு கரண்டி எண்ணெய் பிசிறிய ரஸ்க் தூளில் உருட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் பத்துத் துண்டுகளை என் ஏர் ஃப்ரையரில் அடுக்கி, நூற்றெண்பது டிகிரியில் பதினெட்டு நிமிடம் வைப்போம். டிங் என்று மணி அடித்ததும் காற்று நின்றுவிடும். ஒன்பதாவது நிமிடம் திருப்பிப் போட மட்டும் மறக்கக் கூடாது. மறந்தால் கோழியும் ஒரு பக்கம் வெளுத்திருக்கும், காற்றும் ஒரு பக்கமாக வீசிக்கொண்டிருக்கும்.

பாறைவிளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேற்கே மலை இரண்டாகப் பிளந்து வழி விடுகிற இடத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிற ஊர் இது. வைகாசி கடைசியில் அந்த வழியாகப் புகுந்து வருகிற காற்று புரட்டாசி வரைக்கும் ஊரைவிட்டுப் போகாது. அந்த மாதங்களில் நாங்கள் மேற்கே சாய்ந்துதான் நிற்போம், ஆடுகள் சாய்ந்துதான் மேயும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சாய்ந்தபடியேதான் காலைப் பிரேயரில் கண்ணை மூடுவார்கள், மருமகளாக வந்த புதிதில் சாயத் தெரியாமல் நான் கொட்டிய தண்ணீருக்குக் கணக்கே இல்லை. ஊரைச் சுற்றி மின்சாரம் எடுக்கிற காற்றாடிகள் வரிசை வரிசையாக நிற்கும். என் வீட்டுக்காரர் லிங்கதுரைக்கு அந்தக் காற்றாடிகளில் ஏறி ரிப்பேர் பார்க்கிற வேலை. எங்கள் மகள் தன்ஷிகாவுக்கு நாலு வயது. அவளும் பிறந்த நாளிலிருந்து கொஞ்சம் மேற்கே சாய்ந்துதான் தூங்குவாள்.

அந்த ஏர் ஃப்ரையரைக் குவைத்திலிருந்து என் தம்பி கொண்டுவந்தான். "எண்ணெய் வேண்டாக்கா, காத்துலயே பொரிச்சிரும்" என்றான். எந்தக் காற்றில் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் காற்றுக்கா பஞ்சம் என்று நினைத்துக்கொண்டு, ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் முதல் ஈடு போட்டேன். பெட்டி உறும உறும, கொடியில் பறந்துகொண்டிருந்த தன்ஷிகாவின் கவுன் கொஞ்சம் கொஞ்சமாகத் தலையைக் குனிந்தது. டிங் என்றது. கவுன் நேராகத் தொங்கியது. தெருவில் அதுவரை காற்றின் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்த பாறைவிளை மொத்தமும் சாய ஆளில்லாமல் தடாலென்று மேற்கே விழுந்தது. பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம் மதினி குடத்தோடு விழுந்தாள், கோயில் தர்மகர்த்தா பிச்சமணி மாமா கையில் பஜ்ஜியோடு விழுந்தார், முப்பத்திரண்டு ஆடுகள் வரிசையாக விழுந்தன, ஊருக்கு வந்த மினி பஸ்ஸின் கண்டக்டர் படிக்கட்டிலிருந்து விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே விசில் ஊதினார். சுற்றிலும் இருந்த காற்றாடிகள் அத்தனையும் ஒரு தூக்கம் போடலாம் என்கிற மாதிரி நின்றுவிட்டன.

தன்ஷிகா ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். கருக் என்று சத்தம். அவள் வாயிலிருந்து ஒரு வீச்சுக் காற்று கிளம்பி, சுவரில் இருந்த காலண்டரில் ஆனி, ஆடி இரண்டையும் கிழித்துக்கொண்டு வாசல் வழியாகப் போனது. நான் ஒன்று கடித்தேன், ஜன்னல் கதவு அடித்தது. பத்தையும் தின்று முடித்தபோது ஊருக்குப் பழைய காற்று முழுசாக வந்து சேர்ந்திருந்தது, விழுந்தவர்கள் எழுந்து மறுபடி சாய்ந்துகொண்டார்கள்.

வாயைப் பிளந்துகொண்டு நிற்பதற்கு எங்கள் ஊரில் யாருக்கும் நேரமில்லை. தங்கபுஷ்பம் மதினி முழங்கைச் சிராய்ப்போடு நேரே என் அடுக்களைக்குள் வந்து, பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏ கனி, இது நாளைக்கும் நிக்குமா? நான் மொளகாத்தூள் சலிக்கணும். போன தடவ சலிச்சதுல கீழத்தெரு பூரா கண்ணைக் கசக்கிட்டு அலைஞ்சுது."

"கோழி இருந்தா நிக்கும் மதினி."

"அப்ப நான் கோழி தாரேன், நீ காத்தை நிறுத்து."

அன்றிலிருந்து ஊர் என் ஏர் ஃப்ரையருக்குக் காத்துச் சட்டி என்று பெயர் வைத்து, தன் வேலைகளை அதைப் பார்த்து வைத்துக்கொண்டது. ஓடு மாற்றுகிறவர்கள் கோழி கொண்டுவந்தார்கள், வெள்ளையடிக்கிறவர்கள் கோழி கொண்டுவந்தார்கள், காற்று தொடங்கியதிலிருந்து தலைமுடி ஒரே பக்கம் வெட்டப்பட்டுத் திரிந்த வாலிபர்கள் சேர்ந்து ஒரு கோழி வாங்கிக் கொடுத்துவிட்டுச் சலூன் வாசலில் வரிசையில் நின்றார்கள். விதிகளையும் ஊரே கண்டுபிடித்தது. துண்டுகள் மொறுமொறுவென்று இருக்கிற வரைக்கும், யாரும் கடிக்காமல் இருக்கிற வரைக்கும் காற்று அசையாது. ஒரு துண்டைக் கடித்தால் பத்தில் ஒரு பங்கு திரும்பி வரும். கடிக்காமலே வைத்திருந்தாலும் அரை மணி நேரத்தில் நமத்துப் போகும், நமக்க நமக்கக் காற்று கசிந்துவிடும். தட்டில் குவித்து வைத்தால் ஆவியிலேயே அடிப்பக்கம் ஊறிப்போகும், அதனால் பத்துப் பேர் ஆளுக்கொரு துண்டை இரண்டு விரலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது வழக்கமானது. வேலை முடிந்ததும் "கடிங்க" என்று நான் சொல்வேன், பத்து வாயும் ஒரே நேரத்தில் கருக்கென்னும், தெருவில் எல்லோரும் சாய்வதற்குத் தயாராகக் காலை அகட்டி வைத்துக்கொள்வார்கள்.

இதில் சில சங்கடங்களும் இருந்தன. காற்றை மீறிக் கத்திப் பேசியே பழகிய ஊர், காற்று நின்ற பிறகும் அப்படியேதான் பேசியது. ஒருநாள் தங்கபுஷ்பம் மதினி என் காதருகே வந்து பிச்சமணி மாமாவின் பல்செட் எப்படிக் கிணற்றில் விழுந்தது என்று ரகசியம் சொன்னாள். அதைக் கேட்டு நாலு தெருவும் சிரித்தது, அடுத்த ஊரிலிருந்து ஒருவர் போன் பண்ணி, எடுத்தாச்சா என்று விசாரித்தார்.

ஆடி வெள்ளிக்கிழமை கோயிலில் விளக்கு ஏற்றுவதற்கும் காற்று நிற்க வேண்டியிருந்தது. அன்றைக்குக் கறி ஆகாது. பிச்சமணி மாமா முதலில் காலிஃபிளவரைக் கொண்டுவந்தார். போட்டுப் பார்த்தேன், தெருவின் வடக்குப் பக்கம் மட்டும் நின்றது. உருளைக்கிழங்குக்குக் காற்று அசையவே இல்லை, அதாவது நிற்கவே இல்லை. கடைசியில் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "கோழி உன் வீட்டுல பொரியுது. கோயிலுக்குள்ள கோழி வரல. காத்து மட்டும் வரல. இதுல சாமிக்கு என்ன குறைச்சல்?" விளக்கு ஏற்றி முடிந்ததும் கோழித் துண்டைக் கடிக்க முதல் ஆளாக வந்து நின்றவரும் அவர்தான். தெற்குத் தெருவுக்குப் போய் நின்று கடித்தார், அது கோயில் எல்லைக்கு வெளியே.

காற்றாடிக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் ஒரு மீட்டரோடு வந்தார்கள், அடிக்கடி காற்று விட்டுவிட்டு வருகிறதே, என்ன காரணம் என்று. அப்போதுதான் ஒரு ஈடு எடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா? சாப்பிட்டார்கள். காற்று வந்தது. மீட்டரைப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

எல்லோருக்கும் நல்லதாகப் போன இந்த விஷயத்தில் ஒரே ஒருத்தருக்குத்தான் குறை. அது என் வீட்டுக்காரர். அவர் வேலை முடிந்து வீடு திரும்ப ஏழு மணி ஆகும். அவருக்கென்று எடுத்து வைத்த துண்டு அதற்குள் ஊறி, துவண்டு, காற்றெல்லாம் போய்ப் படுத்திருக்கும். ஆவணியில் ஒரு புதன்கிழமை காலை அது சண்டையாக வெடித்தது.

"ஊருக்குப் பூரா கருக்குக் கருக்குன்னு குடுக்க. எனக்கு மட்டும் நனைஞ்ச துணி மாதிரி ஒண்ணு. ரெண்டு மாசமாச்சு, ஒருநாளாவது என் வாயில சத்தம் வந்திருக்கா?"

"சத்தந்தானே? இப்ப வருதே, அது போதாதா?" என்றேன் நான். வாயை அடக்கியிருக்கலாம்.

அவர் காப்பியைக்கூடக் குடிக்காமல் வெளியே போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு லீவு, டீக்கடையில் உட்கார்ந்து கோபத்தை ஆற்றிவிட்டு வருவார் என்று நான் விட்டுவிட்டேன். எனக்கு அன்றைக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. பிச்சமணி மாமாவின் பேரனுக்குக் காதுகுத்து. பந்தல் போட முடியாமல் மூன்று தடவை கீற்று பறந்துவிட்டது. பத்து மணிக்கு ஒரு ஈடு போட்டேன், டிங் என்றது, காற்று நின்றது. பந்தலை இறுகக் கட்டினார்கள், ஆசாரி நிதானமாகக் குறிபார்த்துக் குத்தினார், பிள்ளை அழுத அழுகை காற்றில்லாத ஊரில் சுத்தமாகக் கேட்டது. எல்லாம் முடிந்ததும் "கடிங்க" என்றேன். பத்து வாய் கருக்கென்றது. அடைபட்டுக் கிடந்த காற்று மொத்தமாக வந்து பந்தலை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தது, பந்தல் நின்றது, எல்லோரும் கைதட்டினார்கள். என் போன் அடித்தது.

"கனி, நான் மேல இருக்கேன்."

"எங்க மேல? மாடியிலயா?"

"ஏழாம் நம்பர் காத்தாடி மேல."

நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டேன். "இன்னைக்கு உங்களுக்கு லீவுல்லா?"

"கோவத்துல வந்து டூட்டி கேட்டு வாங்கினேன். காத்து நின்னிச்சு, நல்லதாப் போச்சுன்னு ஏறி பிரேக்கைக் கழட்டிட்டேன். இப்ப எறக்கை பேய் மாதிரி சுத்துது. கோபுரம் ஆடுது. ஏணியில கால் வைக்க முடியல."

"காத்து ஏன் நின்னுச்சுன்னு யோசிக்க மாட்டீகளா? ஒரு போன் பண்ணிக் கேட்டா என்ன?"

"உன்கிட்டப் பேசக் கூடாதுன்னு இருந்தேன், எப்படிக் கேக்க?"

ஏழாம் நம்பர் பழைய காற்றாடி. கம்பிக் கோபுரம், வெளிப்பக்கம் ஏணி, தென்னை மரத்தைப் போல நாலு மடங்கு உயரம். பந்தலை விட்டு வெளியே வந்து பார்த்தேன். மற்ற காற்றாடிகளெல்லாம் சுற்றிக்கொண்டிருக்க, அது மட்டும் இறக்கை கண்ணுக்கே தெரியாதபடி சுழன்று, உச்சி இங்கும் அங்குமாக அசைந்தது. அந்த உச்சியில் நீலச் சட்டை ஒரு புள்ளியாக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சட்டைக்குக் காலையில் இஸ்திரி போட்டவள் நான். சண்டைக்கு முன்னால் போட்டது.

"பெல்ட்டை மாட்டிட்டு இறுக்கிப் பிடிச்சுக்கோங்க. நான் ஒரு ஈடு போடுதேன்" என்றேன்.

"சீக்கிரம் போடு" என்றார். பிறகு, "கறி ஊறவேண்டாமா?" என்றார்.

அந்த நிலைமையிலும் அவருக்கு அந்தக் கேள்வி வந்தது.

ஊறவைக்கக் கறியே இல்லை. கோழிக்கடை முத்துக்குட்டி கடையிலிருந்ததையெல்லாம் காதுகுத்து விருந்துக்குக் கொடுத்திருந்தான், குழம்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. மிச்சமிருந்தது அவன் ஆசைக்கு வளர்த்த ஒரு வெள்ளைச் சேவல். அதை அவிழ்த்ததும் அது ஓடியது, பின்னாலேயே காதுகுத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பட்டுச் சேலையோடு ஓடினார்கள். சேவல் டீக்கடைக் கூரைக்குப் பறந்தது. ஆனால் எங்கள் ஊர்க் காற்றில் பறக்கிற எதுவும் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. காற்றே அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் அப்பி வைத்தது, முத்துக்குட்டி போய்ப் பல்லியை எடுக்கிற மாதிரி எடுத்து வந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நறுக்கிக் கொடுத்தான். "அண்ணன் இறங்கிட்டா போதும்க்கா" என்றான்.

அடுத்தது ரஸ்க். ஒரு பாக்கெட்டை மதினி பூரிக்கட்டையால் நுணுக்கி முடித்த நேரம் யாரோ கதவைத் திறந்தார்கள், தூள் மொத்தமும் ஜன்னல் வழியாகக் கிழக்கே போய்விட்டது. கடையில் மீதி இருந்தது எட்டே ரஸ்க். அதில் ஏழு ரஸ்கை வாங்கி வந்துவிட்டார்கள். எட்டாவது பிச்சமணி மாமா கையில் இருந்தது, டீ கிளாசுக்கு மேலே, முங்குவதற்கு அரை அங்குலம் உயரத்தில்.

"மாமா, முக்காதீங்க!" என்று தெருவே கத்தியது.

மாமா பேரன் காதுகுத்தன்றும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ரஸ்க் தின்கிறவர். ரஸ்கைப் பார்த்தார், காற்றாடியைப் பார்த்தார், எழுந்து வந்து அதை என் தட்டில் வைத்தார். "வெறும் டீயையும் குடிக்கலாம்" என்றார், யாருக்கோ சமாதானம் சொல்கிற குரலில்.

கதவைச் சாத்தி, சேலைத் தலைப்பால் மூடி, நுணுக்கி, புரட்டி, முக்கி, உருட்டி, பத்துத் துண்டு அடுக்கினேன். உப்பும் மிளகாயும் தவிர எதுவும் ஊறவில்லை. சேவல் வேறு, முற்றல். பதினெட்டு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்பதில் திருப்பினேன். அவசரத்தில் இடுக்கி இரண்டு தடவை நழுவியது. அடுக்களைக்கு வெளியே ஊர் மொத்தமும் நின்று பெட்டியின் உறுமலைக் கேட்டுக்கொண்டிருந்தது. தன்ஷிகா என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவை ஏம்மா சுத்தி விடுதாங்க?" என்றாள்.

டிங்.

கொடியில் கவுன் தொங்கியது. யாரும் விழவில்லை, எல்லோரும் எதையாவது பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். பத்துப் பேர் ஆளுக்கொரு துண்டை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏழாம் நம்பரைப் பார்த்து ஓடினோம். நான், தங்கபுஷ்பம் மதினி, முத்துக்குட்டி, பிச்சமணி மாமா, எனக்கும் வேண்டும் என்று அழுது ஒன்றை வாங்கிக்கொண்ட தன்ஷிகா, காது குத்திய ஆசாரி, இன்னும் நாலு பேர். எங்களுக்குப் பின்னால் ஊர், ஊருக்குப் பின்னால் ஊரிலிருந்த அத்தனை நாய்களும்.

கோபுரத்தடிக்குப் போனால் அவர் இறங்கவே ஆரம்பிக்கவில்லை.

"இறங்குங்க!" என்று கத்தினேன். காற்றில்லாததால் சாதாரணமாகச் சொன்னாலே கேட்டிருக்கும்.

"பிரேக்கை மாட்டிட்டு வாரேன்."

"பிரேக்கைக் கொண்டுபோய் அடுப்புல போடுங்க! இது நமத்துரும்!"

"மாட்டாம இறங்கினா காத்து வந்ததும் எறக்கை பிய்ஞ்சு ஊருக்குள்ள வந்து விழும் கனி. நம்ம வீடு பக்கந்தான்."

இப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது? பத்துப் பேரும் கையைத் தூக்கியபடி அண்ணாந்து நின்றோம். மேலே ஸ்பானர் திருகுகிற சத்தம் கிரீச் கிரீச்சென்று கீழே வரை கேட்டது. ஐந்து நிமிடம், ஆறு நிமிடம். பிறகு அவர் கால் ஏணியில் பட்டது.

பாதி தூரம் இறங்கியிருப்பார், ஒரு செவலை நாய் எம்பித் தங்கபுஷ்பம் மதினியின் துண்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. ஓடிக்கொண்டே கடித்தது. கருக். பத்தில் ஒரு பங்கு காற்று நாயின் வாயிலிருந்து புறப்பட்டுக் கோபுரத்தில் ஏறி அவர் சட்டையைப் புடைக்க வைத்தது. அவர் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நாசமாப் போற நாயே" என்று மதினி அழுதுகொண்டே துரத்தினாள். அடுத்து தன்ஷிகா, கடிக்கக் கூடாது என்றுதானே சொன்னார்கள் என்று தன் துண்டை நக்கினாள். மெல்லிசாக ஒரு காற்று கிளம்பி அவர் தலைமுடியைக் கலைத்தது. "தங்கம், நாக்கை உள்ள போடு" என்றேன். நாக்கை உள்ளே போட்டுக்கொண்டு வாயை இரண்டு கையாலும் பொத்தினாள், துண்டையும் சேர்த்து.

என் கையில் இருந்தது ஓரத்தில் நமக்கத் தொடங்கியது. முற்றல் சேவலின் ஈரம் வெளியே வந்துவிட்டது. ஒவ்வொரு கையாகப் பார்த்தேன், ஒவ்வொன்றாகத் துவண்டுகொண்டிருந்தது, சேலைத் தலைப்புகள் லேசாக அசைய ஆரம்பித்திருந்தன. எனக்குப் பயமெல்லாம் பிச்சமணி மாமாவைப் பற்றித்தான். அந்த மனிதர் வாழ்நாளில் கையில் வைத்த தீனியை ஒரு நிமிடம் தாண்டி விட்டுவைத்ததில்லை. திரும்பிப் பார்த்தால் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாசனை படாதபடி முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கையை நீட்டுகிற மட்டும் நீட்டி, துண்டின் நுனியை நகத்தால் பிடித்தபடி, "முருகா முருகா" என்று நின்றுகொண்டிருந்தார். தோள் வலியில் கை கிடுகிடுவென்று ஆடியது. துண்டு மட்டும் ஆடாமல் அப்படியே பொன்னிறமாக இருந்தது.

கடைசி நாலு படியில் காற்று அவரைத் தள்ளியது. விழுந்தமாதிரிதான் இறங்கினார். தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். முழங்கால் சிராய்த்திருந்தது, கையெல்லாம் கிரீஸ். தன்ஷிகா போய் மடியில் ஏறிக்கொண்டாள். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிச்சமணி மாமா கண்ணைத் திறந்தார். தன் கையில் இருந்த துண்டை ஒரு தடவை ஆசையாகப் பார்த்தார். பிறகு, "மாப்ள, இந்த ஒண்ணுதான் இன்னும் மொறுமொறுன்னு நிக்கி. நீரு கடியும்" என்று நீட்டினார்.

என் வீட்டுக்காரர் அதை வாங்கி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கடித்தார்.

கருக்.

இரண்டு மாதமாகப் பாறைவிளையில் கேட்ட சத்தங்களிலேயே பெரியது அதுதான் என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அவர் வாயிலிருந்து கிளம்பிய காற்று மீசையைப் பிரித்தது, மாமாவின் தோள்துண்டைத் தூக்கிக்கொண்டு போனது, மற்றவர்களும் நமத்ததைக் கடித்து முடிக்க, மலை வழியாக மீதியும் வந்து சேர்ந்தது. ஏழாம் நம்பர் மெதுவாக, ஒழுங்காக, பிரேக் மாட்டிய காற்றாடி சுற்றுகிற மாதிரி சுற்ற ஆரம்பித்தது. நாங்கள் எல்லோரும் மேற்கே சாய்ந்தோம்.

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார் அவர்.

நான் அவர் காதருகே குனிந்து, காற்றை மீறிக் கேட்கும்படியாக முழுத் தொண்டையில் கத்திச் சொன்னேன்: "கோவமா இருந்தாலும் பரவால்ல, பேசாட்டியும் பரவால்ல. இனிமே ஏணியில கால் வைக்கிறதுக்கு முன்னாடி போனைப் போட்டு, அடுப்புல என்ன இருக்குன்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுட்டு ஏறுங்க."